பூனையை விரட்டினால் தெள்ளுப்பூச்சி போய்விடுமா?

உங்களுக்கு ஒரு புதிர்.

ஒரு வீட்டில் செல்லமாக ஒரு பூனை வளர்த்தார்கள். அதன் உடம்பில் தெள்ளுப்பூச்சி பிடித்துவிட்டது. பூனை ஓயாமல் சொறிந்தது. வீட்டில் இருந்தவர்களின் கணுக்காலிலும் பூச்சி கடித்துச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. "எல்லாம் இந்தப் பூனையால் வந்த வினை!" என்று பெரியவர்களுக்குக் கோபம். பூனையைக் கோணிப்பையில் போட்டு, மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். "இனி நிம்மதி" என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பத்து நாள் ஆயிற்று. கடி குறையவில்லை. முன்பைவிட அதிகமாகிவிட்டது! பூனையே இல்லாத வீட்டில் பூச்சி எங்கிருந்து வந்தது?

இந்தப் புதிருக்கு விடை தெரிந்தால், தெள்ளை ஒழிக்கும் வழியும் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு பாவப்பட்ட பூனையைத் தெருவில் விடாமல் காப்பாற்றவும் முடியும். வாருங்கள், விடையைத் தேடுவோம்.

யார் இந்தத் தெள்ளு?

பேன், உண்ணி, தெள்ளு மூன்றையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். மூன்றும் ரத்தம் குடிப்பவைதான். ஆனால் மூன்றும் வேறு வேறு.

உண்ணி, சிலந்தியின் உறவுக்காரன். வளர்ந்த உண்ணிக்கு 8 கால்கள். தோலில் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்துக் குடித்துப் பயறு போல உப்பிவிடும். பேனுக்கு 6 கால்கள். அதற்குக் குதிக்கத் தெரியாது. முடியைப் பிடித்து ஊர்ந்து போகும். தன் முட்டையை, அதாவது ஈரை, முடியிலேயே பசை போட்டு ஒட்டிவிடும்.

தெள்ளுக்கும் 6 கால்கள்தான். இறக்கை கிடையாது. செம்பழுப்பு நிறம். நீளம் 2 அல்லது 3 மில்லிமீட்டர். அதன் உடம்பு இரண்டு பக்கமும் அழுத்தித் தட்டையாக்கியது போல இருக்கும். அதனால்தான் அடர்ந்த முடிக்கு நடுவே சந்துக்குள் ஓடுவது போல ஓடிவிடுகிறது. ஓடு மிகவும் கெட்டி. விரலால் நசுக்கினால்கூட எளிதில் சாகாது.

பூனைமேல் இருக்கும் தெள்ளுக்கு அறிவியல் பெயர் டீனோசெஃபாலைடீஸ் ஃபெலிஸ். பூனைத் தெள்ளு என்று பெயர் இருந்தாலும், நாய்களின் உடம்பிலும் பெரும்பாலும் காணப்படுவது இதுதான்.

உண்டிவில் கால்கள்

தெள்ளின் பெருமையே அதன் குதிப்புதான். பூனைத் தெள்ளு சராசரியாக 15 சென்டிமீட்டர் உயரம் குதிக்கும். "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். கணக்குப் போடுங்கள்.

தெள்ளின் நீளம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் என்றால் 150 மில்லிமீட்டர். 150 ஐ 2.5 ஆல் வகுத்தால் 60. தன் நீளத்தைப் போல 60 மடங்கு உயரம் தாண்டுகிறது! 4 அடி உயரமுள்ள ஒரு மாணவன் அதே போலத் தாண்டினால் 240 அடி. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் உயரம் சுமார் 216 அடிதான். விமானத்தையே தாண்டி அந்தப் பக்கம் போய் விழுவான்!

இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? தெள்ளின் உடம்பில் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதம் இருக்கிறது. தெள்ளு குதிக்கும் முன் அதை மெதுவாக அழுத்தி வைத்துக்கொள்ளும். பிறகு சட்டென்று விடும். உண்டிவில்லின் ரப்பரை இழுத்து விடுகிறீர்களே, அதே தத்துவம்தான். 2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்கள் அதிவேக கேமராவில் படம் பிடித்துப் பார்த்து, தெள்ளு தன் கால் நுனியால் தரையை உந்திக் குதிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

புதிருக்கு விடை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று 4 பருவங்கள். தெள்ளுக்கும் அதே 4 பருவங்கள் உண்டு.

முதலில் முட்டை. பூனையின் ரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளிலேயே பெண் தெள்ளு முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளில் 40, 50 முட்டைகூட இடும். முட்டை அரை மில்லிமீட்டர் அளவில் வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கும். பேன் போல இது முட்டையை ஒட்டி வைப்பதில்லை. அதனால் பூனை நடக்கும் இடம், படுக்கும் இடம், குதிக்கும் இடம் எங்கும் முட்டைகள் உதிர்ந்து விழும். உப்பைத் தூவியது போல!

அடுத்தது புழு. சில நாளில் முட்டை பொரிந்து வெள்ளைப் புழு வெளியே வரும். அதற்கு வெளிச்சம் பிடிக்காது. கட்டிலுக்கு அடியில், பாய்ச் சுருளில், தரை வெடிப்பில், கோணிப்பை மடிப்பில் போய் ஒளிந்துகொள்ளும். இதன் சாப்பாடு என்ன தெரியுமா? பெரிய தெள்ளுகளின் எச்சம். அது காய்ந்த ரத்தம்தான். பூனையின் உடம்பிலிருந்து அதுவும் தூளாக உதிர்கிறது.

மூன்றாவது கூட்டுப்புழு. புழு தன்னைச் சுற்றிப் பட்டு நூலால் ஒரு கூடு கட்டும். கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் தூசியும் மண்ணும் அதில் ஒட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்கு அது ஒரு தூசித் துணுக்குதான். பெரும்பாலான பூச்சிமருந்துகள் இந்தக் கூட்டுக்குள் போவதில்லை.

கூட்டுக்குள் இருக்கும் பூச்சிக்குப் பொறுமை அதிகம். வெளியே சாப்பாடு இல்லை என்றால் பல வாரம், சில சமயம் பல மாதம்கூட உள்ளேயே காத்திருக்கும். யாராவது நடக்கும் அதிர்வு, உடம்பின் சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு இவை தெரிந்ததும் படாரென்று வெளியே வந்து குதிக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பூட்டிய வீட்டைத் திறந்ததும், சிலரின் காலைத் தெள்ளுக் கூட்டம் மொய்ப்பது இதனால்தான்.

பூச்சியியல் அறிஞர்கள் சொல்லும் ஒரு கணக்கைக் கேளுங்கள். தெள்ளு பிடித்த ஒரு வீட்டில் எல்லாப் பருவத்தையும் சேர்த்து 100 தெள்ளு இருந்தால், சுமாராக 50 முட்டை, 35 புழு, 10 கூட்டுப்புழு. பூனையின் உடம்பில் இருக்கும் வளர்ந்த பூச்சி வெறும் 5 தான்!

புதிருக்கு விடை கிடைத்துவிட்டதா? பூனையை விரட்டியபோது அந்த 5 தான் போயிற்று. மீதி 95 வீட்டிலேயே இருந்தது. பூனை இருந்தவரை, புதிதாக வந்த பூச்சிகள் பெரும்பாலும் அதன்மேல் ஏறிக்கொண்டன. பூனை போனதும், பசியோடு வந்தவை மனிதர்களின் காலில் ஏறிவிட்டன. "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். இங்கே வீட்டையும் கொளுத்தி, பூச்சியும் போகாத கதை!

குட்டிகளுக்கு உயிர் ஆபத்து

தெள்ளை "சும்மா அரிப்புதானே" என்று விட்டுவிடக் கூடாது.

அரை கிலோ எடையுள்ள ஒரு பூனைக்குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 30 மில்லிதான். அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு. நிறையத் தெள்ளுகள் தினமும் குடித்தால் அந்தக் குட்டி என்ன ஆகும்? ரத்தசோகை வந்து சோர்ந்து விழும். உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துப்போயிருந்தால், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் குட்டி பிழைக்காமல் போகலாம்.

சில பூனைகளுக்குத் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. ஒன்றிரண்டு கடிக்கே வால் அடியில் முடி கொட்டிப் புண்ணாகிவிடும்.

நாடாப்புழுவும் வரும். நாடாப்புழுவின் முட்டையைத் தெள்ளின் புழு தின்றுவிடும். அது வளர்ந்து பூனைமேல் ஏறும். பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது தெள்ளையும் விழுங்கும். அவ்வளவுதான், நாடாப்புழு பூனையின் குடலில் குடியேறிவிடும். பூனையின் ஆசனவாய் ஓரத்தில் அரிசி மணி போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தெள்ளைத் தவறி விழுங்கும் சிறு குழந்தைகளுக்கும் அரிதாக இது வருவது உண்டு. பூனையைத் தொட்டால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூனை கீறினால் அந்த இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வீட்டுப் பெரியவர்களிடம் உடனே சொல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்: ஈரக் காகிதச் சோதனை

பூனை தன் சொரசொரப்பான நாக்கால் நக்கி நக்கித் தெள்ளுகளை விழுங்கிவிடுவதால், நம் கண்ணுக்கு ஒரு பூச்சிகூடத் தெரியாமல் போகலாம். அப்போது இந்தச் சோதனை உதவும்.

பூனையை வெள்ளைத் துணிமேல் உட்கார வையுங்கள். பேன் சீப்பால் அதன் முதுகையும் வால் அடியையும் வாருங்கள். கறுப்பு மிளகுத் தூள் போல ஏதாவது உதிர்ந்தால், அதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போடுங்கள். சிறிது நேரம் பொறுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். நிறம் கசியவில்லை என்றால் அது வெறும் மண்.

செய்யவே கூடாதவை

நான் ஆசிரியையாக இருந்தபோது ஐந்தாம் வகுப்பில், "பூனைக்குத் தெள்ளு பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"மண்ணெண்ணெய் தேய்ச்சா செத்துடும் டீச்சர்!" என்றான் ஒருவன்.

"பாச்சை உருண்டையைப் பொடி பண்ணித் தூவலாம் டீச்சர்!" என்றாள் ஒருத்தி.

"பூண்டு அரைச்சுக் குடுக்கணும்னு எங்க பாட்டி சொன்னாங்க" என்றாள் இன்னொருத்தி.

"எங்க நாய்க்கு வாங்கின மருந்தே மிச்சம் இருக்கு டீச்சர், அதையே போட்டுடலாம்!" என்றான் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன்.

நான்கு விடையும் தவறு. நான்கும் பூனையைக் கொல்லக்கூடியவை!

பூனையின்மேல் எதைப் பூசினாலும் அது நக்கிவிடும். பூசியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். இன்னொன்று, பூனையின் கல்லீரலுக்குச் சில நச்சுப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. நமக்கும் நாய்க்கும் ஒத்துக்கொள்வது பூனைக்கு விஷமாகிவிடும். மண்ணெண்ணெய், பாச்சை உருண்டை, பினாயில், கற்பூரம் எதையும் பூனையிடம் கொண்டு போகாதீர்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று அதை உடம்பெல்லாம் பூசுவதும் ஆபத்து.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து அந்தக் கடைசி பெஞ்சு விடையில் இருக்கிறது. நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பொருள் இருக்கும். நம் தலைப்பேன் மருந்துகள் சிலவற்றிலும் அது உண்டு. பூனையின்மேல் அது பட்டால் எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், உயிரும் போகும். யாராவது தெரியாமல் போட்டுவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் கொஞ்சம் கலந்து, பெரியவர்கள் உதவியோடு மருந்தைக் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். வலிப்பு வந்துவிட்டால் கழுவக்கூட நிற்கக் கூடாது. மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சரியான வழி: பூனையும் வீடும் ஒரே நேரத்தில்

*1. தினமும் சீவுங்கள்.* ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துச் சோப்பைக் கரையுங்கள். கழுத்து, காதுக்குப் பின்புறம், வயிறு, வால் அடி என்று பேன் சீப்பால் முடி படியும் திசையிலேயே வாருங்கள். சீப்பில் சிக்கிய தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பித்துவிடலாம். சோப்பு, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் பூச்சி மூழ்கிவிடும். தெள்ளை நகத்தால் நசுக்காதீர்கள். பிறந்து சில வாரமே ஆன குட்டிகளுக்கு மருந்து போட முடியாது. அவற்றுக்குச் சீப்புதான் மருந்து.

*2. மருத்துவரிடம் கொண்டு போங்கள்.* அவர் பூனையை எடை போட்டு, வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்து தருவார். ஃபிப்ரோனில், செலமெக்டின் போன்ற மருந்துகள் பூனைகளுக்கென்றே சொட்டு மருந்தாக வருகின்றன. பிடரியில் முடியை விலக்கித் தோலின்மேல் விட வேண்டும். ஏன் பிடரியில்? பூனையின் நாக்கு அங்கே எட்டாது! பெரும்பாலும் மாதம் ஒரு முறை போட வேண்டியிருக்கும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். இரண்டு பூனை இருந்தால், மருந்து காயும்வரை ஒன்றை ஒன்று நக்காமல் பிரித்து வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் சேர்த்து, அதற்குரிய மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே பார்ப்பது ஆடு மாடுகளை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன.

*3. வீட்டைப் பெருக்குங்கள்.* 95 இருப்பது இங்கேதானே! கட்டிலுக்கு அடி, பெட்டிக்குப் பின்புறம், சுவர் ஓரம், தரை வெடிப்பு எதையும் விடாமல் தினமும் பெருக்குங்கள். குப்பையைப் பையில் இறுகக் கட்டி உடனே வெளியேற்றுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது.

*4. வெந்நீரும் வெயிலும்.* பூனை படுக்கும் துணி, பழைய சாக்கு, மிதியடி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை நல்ல வெந்நீரில் துவைத்து, உச்சி வெயிலில் காயப் போடுங்கள். வெந்நீர் ஊற்றுவது அம்மா அல்லது அப்பாவின் வேலை. காயப் போடுவது உங்கள் வேலை. தெள்ளின் முட்டைக்கும் புழுவுக்கும் ஈரப்பதம் வேண்டும். வறண்ட சூட்டில் அவை காய்ந்து செத்துவிடும். நம் ஊர் வெயிலை நாம் திட்டுகிறோம். இந்த ஒரு வேலைக்கு அதைப் பாராட்டலாம்!

*5. மூன்று மாதம் விடாதீர்கள்.* மருந்து போட்ட இரண்டு வாரத்தில் மறுபடியும் ஒன்றிரண்டு தெள்ளு கண்ணில் படும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று பலர் அப்போதே நிறுத்திவிடுகிறார்கள். அவை பழைய பூச்சிகள் அல்ல. கூட்டுக்குள் காத்திருந்து இப்போதுதான் வெளியே வந்தவை. எல்லாக் கூடும் காலியாக குறைந்தது 3 மாதமாவது ஆகும். ஒரு காலண்டரில் தினமும் சீப்பில் எத்தனை கிடைத்தன என்று எழுதி வையுங்கள். எண்ணிக்கை இறங்கி இறங்கிச் சைபருக்கு வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

வரலாற்றில் தெள்ளு

1665-ஆம் ஆண்டு இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக், நுண்ணோக்கியில் தெள்ளைப் பார்த்து, 'மைக்ரோகிராஃபியா' என்ற தம் நூலில் மடித்து வைக்கும் பெரிய பக்கத்தில் அதன் படத்தை வெளியிட்டார். ஒரு பூச்சிக்குள் இத்தனை வேலைப்பாடா என்று மக்கள் வியந்தார்கள்.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. 1898-இல் கராச்சியில் ஆராய்ச்சி செய்த பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பால் லூயி சிமோன், எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுதான் நோயைச் சுமந்து செல்கிறது என்று கண்டுபிடித்தார். முதலில் பலர் நம்பவில்லை. பிறகு அவர் சொன்னதே சரி என்று ஆயிற்று. பயப்படாதீர்கள், அது எலித் தெள்ளு. உங்கள் வீட்டுப் பூனையிடம் இருப்பது வேறு வகை.

பூனையே பொறி!

கடைசியாக ஒன்று சொல்கிறேன். இதை வீட்டில் பெரியவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்து போட்ட பூனை வீட்டுக்குள் நடமாடும்போது என்ன நடக்கும்? கூட்டிலிருந்து வெளியே வரும் தெள்ளுகள், வழக்கம்போலப் பூனைமேல் தாவும். அங்கே மருந்து பட்டுச் செத்து விழும். புதிதாக முட்டையிட ஆள் இருக்காது. ஒளிந்திருக்கும் 95 ஐயும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பிடிக்கும் பொறி, உங்கள் பூனைதான்! அதை விரட்டினால், கையில் இருக்கும் பொறியைத் தூக்கி எறிந்ததாக ஆகும்.

வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. நாய்களிடமிருந்து தப்பிக்கவும் தெரியாது. அதற்குப் பேசவும் தெரியாது, சொறியத்தான் தெரியும். யாராவது கோணிப்பையைக் கையில் எடுத்தால், நீங்கள் பேன் சீப்பைக் கையில் எடுங்கள். "100 இல் 5 தான் பூனைமேல் இருக்கிறது, மூன்று மாதம் பொறுங்கள்" என்று கணக்கோடு எடுத்துச் சொல்லுங்கள். கணக்குச் சொல்லும் பிள்ளையின் பேச்சை எந்த வீட்டிலும் தட்டமாட்டார்கள்!